கலம்பகமும் கருப்பூர்ச் சேலையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தஞ்சாவூர்க் கடைத்தெருவில் மாலை வேளையில் பூக்கடை ஒன்றின் முன் சற்றே நின்று பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். மல்லிகைச் சரம் ஒருபுறம் தொங்கும். கனகாம்பரச் சரம் மறுபுறம் தொங்கும். இரண்டுக்கும் நடுவே, ஊரின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட கதம்பம் கிடக்கும். மல்லிகையின் வெண்மையும், கனகாம்பரத்தின் செம்மஞ்சளும், மரிக்கொழுந்தின் பசுமையும், பன்னீர் ரோஜாவின் இளஞ்சிவப்பும் ஒரே நாரில் நெருங்கி நிற்கும். நிறத்தில் மட்டுமா வேறுபாடு? மல்லிகை வழவழப்பானது, கனகாம்பரம் தாள்போல் மெலிந்தது, மணமற்றது, மரிக்கொழுந்து பூவே இல்லை, இலை, வெட்டிவேர் இலையும் இல்லை, சொரசொரப்பான வேர். மணமுள்ளதும் மணமற்றதும், பூவும் இலையும் வேரும் ஒன்றோடொன்று பகையாமல் எவ்வாறு கூடி வாழ்கின்றன? அந்தச் சிறிய வினாவே இவ்வுரையின் பொருள். ஆடையிலும், இல்லத்தின் அலங்காரத்திலும், கவிதையிலும் பலவகைக் கோலங்களைக் கலந்து வைப்பதற்கு ஒரு நெறி உண்டா என்பதே அவ்வினாவின் விரிவு.

புதிய பெயரில் ஒரு பழைய ஆசை

இன்று நகரங்களில் ஒரு பாணி பேசப்படுகிறது. கட்டம் போட்ட திண்டின் மேல் பூப்போட்ட விரிப்பு. அதன் அருகே கோடுகள் ஓடும் கம்பளம். பளபளக்கும் பித்தளைக் குடத்தின் பக்கத்தில் முரட்டுச் சணல் பின்னல். மாங்காய்க் கரையிட்ட சேலைக்குச் சற்றும் ஒவ்வாதது போன்ற சித்திரம் தீட்டிய மேற்சட்டை. இதனைப் ‘பொஹீமியப் பாணி’ என்பர். வார இதழ்களும் ஆடை விற்பனைக் கூடங்களும் இதனை மேலைநாட்டிலிருந்து வந்த புதுமையாகவே அறிமுகம் செய்கின்றன.

சொல்லின் வரலாறு சுவையானது. பொஹீமியா என்பது இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி. நாடோடிகளாய்த் திரிந்த ரோமா மக்கள் அங்கிருந்து வந்தவர்கள் என்று கருதிய பிரெஞ்சுக்காரர், அவர்களைப் பொஹீமியர் என அழைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசு நகரத்தின் வறிய ஓவியர்களையும் கவிஞர்களையும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1851-இல் நூலாக வெளிவந்த ஆன்றி மூர்ழேயின் கதைகளும், அவற்றைத் தழுவிப் புச்சினி இயற்றி 1896-இல் அரங்கேறிய இசைநாடகமும் அப்பெயரை உலகெங்கும் பரப்பின. ஆனால் ரோமா மக்களின் மொழியை ஆராய்ந்த மொழியியலார் அது வட இந்திய மொழிகளோடு உறவுடையது என்று நிறுவியுள்ளனர். இந்தியாவிலிருந்து புறப்பட்ட மக்களின் கோலம், பாரிசு நகரத்து ஏழைக் கலைஞரின் கோலமாகி, விலையுயர்ந்த கடைகளின் கோலமாகி, இன்று தஞ்சைக்கும் குடந்தைக்கும் திரும்பி வந்திருக்கிறது.

துணிகளின் கதையும் இத்தகையதே. தஞ்சைப் பாட்டிமார் ‘சீட்டித்துணி’ என்று சொல்லும் பூப்போட்ட பருத்தித்துணி, சோழமண்டலக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய பெரும் வணிகப் பொருள். டேனியர் 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கொண்டதற்கும், டச்சுக்காரர் 1658-இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியதற்கும் இக்கடற்கரையின் வணிகமே காரணம். அவ்வணிகத்தில் துணிக்குத் தலையாய இடமுண்டு. இந்தியச் சித்திரத்துணியின் மீது ஐரோப்பியர் கொண்ட மோகம் உள்நாட்டு நெசவைக் கெடுக்கும் என அஞ்சிப் பிரான்சு அரசு 1686-இல் அதற்குத் தடை விதித்தது; 1759 வரை அத்தடை நீடித்தது. இங்கிலாந்தும் 1721-இல் அச்சிட்ட பருத்தித்துணியை உடுத்துவதற்கே தடைச்சட்டம் கொணர்ந்தது. சட்டம் போட்டுத் தடுக்கவேண்டிய அளவுக்கு ஓர் அழகு அடுத்த நாட்டாரை ஆட்கொண்டது எனின், அதன் ஆற்றல் சிந்தித்தற்குரியது.

ஆயினும், ‘எல்லாம் இங்கிருந்து போனவையே’ என்று மார்தட்டுவதற்காக இவை சொல்லப்படவில்லை. புதிய பாணியைப் பின்பற்றுவோர் பலர் கலப்பது எளிது என்று எண்ணுகின்றனர். கண்ணைப் பறிக்கும் நான்கைந்தை அருகருகே வைத்துவிட்டால் போதும் என்பது அவர்கள் எண்ணம். கதம்பம் தொடுப்பவர் அவ்வாறு எண்ணுவதில்லை. தமிழ்ப் புலவரும் அவ்வாறு எண்ணவில்லை.

கலம்பகம் காட்டும் நெறி

தொண்டரடிப்பொடியாழ்வார் காவிரியின் நடுவே அரங்கத்தில் மாலைத் தொண்டு செய்தவர். அவருடைய திருப்பள்ளியெழுச்சியில் ‘கலம்பகம்’ என்ற சொல் பல பூக்கள் கலந்த மாலையைக் குறிக்கிறது. மாலைக்கு வழங்கிய அதே சொல் பின்னர் ஒரு சிற்றிலக்கிய வகைக்குப் பெயராயிற்று. ‘கதம்பம்’ என்பதே ‘கலம்பகம்’ என்று ஆயிற்று என்பாரும், கலம் பன்னிரண்டு, பகம் அதிற்பாதி ஆறு, ஆகப் பதினெட்டு உறுப்புகளால் இயன்றமையின் இப்பெயர் பெற்றது என்பாரும் உளர். ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் மீது பாடப்பெற்ற நந்திக்கலம்பகம் இன்று கிடைப்பவற்றுள் பழமையானது.

கலம்பகத்தின் உறுப்புகளை எண்ணிப் பார்த்தால் அதன் துணிவு விளங்கும். பெண்டிர் காய் வீசிப் பாடும் அம்மானை இருக்கிறது. ஊஞ்சலாட்டும் ஊசல் இருக்கிறது. அவற்றின் அருகிலேயே கள்ளுண்டு மயங்கியவனின் கூற்றாகக் களி வருகிறது. இரும்பைப் பொன்னாக்குவேன் என்னும் சித்தரின் பெருமிதப் பேச்சு வருகிறது. மகட்கொடை கேட்டு வந்த மன்னனின் தூதனைச் சினந்து விரட்டும் மறவனின் கடுஞ்சொல் வருகிறது. தலைவியின் இரங்கலும் வருகிறது. வெண்பா, கலித்துறை, விருத்தம், வஞ்சிப்பா என யாப்பும் மாறுகிறது. வழவழப்பான மொழியும் முரட்டு மொழியும், பக்தியும் நகையும் ஒரே நூலில் உடன் இருக்கின்றன. வேறொரு மொழியின் திறனாய்வாளர் இதனைக் குழப்பம் என்றுகூடச் சொல்லியிருப்பார்.

ஆனால் அது குழம்பவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, அந்தாதி. ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் தொடக்கமாகிறது. கடைசிச் செய்யுளின் ஈறு முதற் செய்யுளின் தொடக்கத்தைத் தொட்டு மாலைபோல் வளைகிறது. களிமகனின் பிதற்றல் முடியும் சொல்லிலிருந்தே தலைவியின் கண்ணீர் தொடங்கலாம். கேட்பவரின் காது அச்சொல்லைப் பற்றிக்கொண்டு கடந்துவிடும். இரண்டாவது, எல்லா உறுப்பும் ஒரே பாட்டுடைத்தலைவனை நோக்கி நிற்கின்றன. பூக்கள் பல, நார் ஒன்று, சூடும் தலையும் ஒன்று.

கலம்பகத்தின் அளவிலும் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. தேவர்க்கு 100, அரசர்க்கு 90, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30 எனப் பாட்டியல் நூல்கள் செய்யுள் தொகையை வகுத்தன. நெல் விளைவிப்போர்க்குக் கிடைத்தது முப்பதே. கலப்பில் அழகு இருந்தது. அக்கலப்பை யார் துய்ப்பது என்பதில் ஏற்றத்தாழ்வும் இருந்தது. இக்குறிப்பு இவ்வுரையின் பிற்பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

இரண்டு ஆடைகள்

ஆடையின் கதையைத் தமிழிலக்கியத்தில் தேடுவோர் முதலில் சென்று சேரவேண்டிய இடம் பொருநராற்றுப்படை. முடத்தாமக்கண்ணியார் பாடிய அந்நூலின் தலைவன் காவிரிநாட்டின் கரிகாற்சோழன். அவன் அவைக்கு வந்த பொருநன் உடுத்தியிருந்த கந்தல், வேற்று இழைகள் ஊடே நுழைந்த தையலால் ஒட்டுப்போடப்பட்டது, வியர்வையில் நனைந்தது, பேனும் ஈரும் குடியிருந்தது. அதனைக் களையச் செய்து மன்னன் புத்தாடை அளிக்கிறான். இழை செல்லும் வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்மையும், பூவேலைப்பாட்டின் செறிவும் உடைய அவ்வாடையைப் புலவர் பாம்பின் உரிக்கு ஒப்பிடுகிறார்.

இரண்டிலும் பல கூறுகள் கலந்துள்ளன என்பது கருதத்தக்கது. கந்தலில் வேற்றிழை கலந்தது. புத்தாடையில் பூக்கள் கலந்தன. முன்னது வறுமை செய்த கலப்பு. பின்னது கைத்திறன் செய்த கலப்பு. இன்றைய கடைகளில் வேண்டுமென்றே கிழித்து ஒட்டுப்போட்ட ஆடைக்கு மிகுந்த விலை சொல்லப்படும்போது, அந்தப் பொருநனின் முகம் நினைவுக்கு வரவேண்டும். காவிரிப் படுகையில் நடவு நட்ட பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்து மெத்தையாக்கினர். கிழிந்த சேலையில் தூளி கட்டிப் பிள்ளைகளை உறங்கவைத்தனர். அவற்றின் நிறக்கலப்பு இன்று படமெடுக்கத்தக்க அழகுடையதாகத் தோன்றலாம். தைத்தவர்க்கு அது பாணியாகத் தோன்றியதில்லை. வேறு துணி இல்லாமையே அதன் காரணம். இவ்வேறுபாட்டை மறந்து பேசும் அழகியல் குறையுடையது.

கைத்திறன் செய்த கலப்பு தமிழ்நாட்டில் இடையறாது வளர்ந்தது. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் அடுக்கும் துகில் வகைகளுள் ‘சித்திரக்கம்மி’, ‘பொன்னெழுத்து’ என்னும் பெயர்கள் இடம்பெறுகின்றன. பொன்னையும் எழுத்தையும் ஒரு துணியில் கூட்டிச் சொல்லும் அப்பெயரைக் கேட்டவுடன், பிற்காலத்தில் கொள்ளிடக்கரையில் பிறந்த ஒரு சேலை நினைவில் எழுகிறது.

கோடாலிக்கருப்பூர்

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் கோடாலிக்கருப்பூர். தஞ்சையை ஆண்ட மராட்டிய அரச குடும்பத்தினர்க்கென்றே அங்குச் சேலைகளும் தலைப்பாகைத் துணிகளும் உருவாயின. இரண்டாம் சரபோஜி (1798–1832), இரண்டாம் சிவாஜி (1832–1855) ஆகியோர் காலத்தில் அக்கலை புகழ்பெற்று விளங்கியது.

கருப்பூர்ச் சேலையின் தனித்தன்மை, இரு வேறு கலைகள் ஒரே துணியில் சந்திப்பது. முதற்கலை தறியில் நிகழ்வது. நுண்ணிய பருத்தி நூற்பாவில், வேண்டிய இடத்தில் மட்டும் சரிகையைக் கோத்துக் கோத்து உருவங்களை நெய்வர். வங்கத்தில் ஜம்தானி எனப்படும் நெசவு முறை அது. தறியிலிருந்து இறங்கும்போது துணி வெளிறிய பருத்தி நிறத்தில் இருக்கும். அதன்மேல் பொன் உருவங்கள் சிதறிக் கிடக்கும். அதன்பின் அது எழுதுவோர் கைக்குச் செல்லும்.

இரண்டாம் கலை எழுத்தும் சாயமும். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவது கலம்காரியின் முதற்படி. பழைய இரும்பையும் வெல்லத்தையும் நீரில் புளிக்கவைத்த கரைசலைக் கொண்டு மூங்கிற்குச்சி எழுதுகோலால் கோடு வரைவர். கடுக்காயின் துவர்ப்பைத் தொட்டவுடன் அது கருமையாகும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தடவுவர். சாயம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடுவர். பின்னர்ச் சாயவேர் இட்ட நீரில் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவக்கும். மெழுகு காத்த இடம் வெண்மையாய் நிற்கும். மெழுகு நீக்கியபின் சேலை தன் முழு உருவத்தைக் காட்டும்.

அந்த உருவத்தில் என்ன இருக்கிறது? ஆழ்ந்த செந்நிறத் தரை. அதன்மேல் நெருங்கிய கட்டங்களிலும் வரிசைகளிலும் சிறு விண்மீன்கள், பூக்கள், புள்ளிகள். ஒவ்வொரு பொன் உருவத்தையும் சுற்றி எழுதுகோலின் கோடும் மெழுகின் வெண்மையும். முந்தானையில் வேறு கோலம், கரையில் வேறு கோலம். சரிகையின் வழவழப்பும் பருத்தியின் மென்சொரசொரப்பும் விரலுக்கு வேறுபடும். சிவப்பின் நடுவே அமர்ந்த பொன், பொன்னாகப் பளிச்சிடாமல் செம்பின் மெல்லொளியாய் அடங்கித் தோன்றும். இத்தனை கோலங்களையும் இத்தனை பரப்புகளையும் தாங்கிய சேலை ஒன்று, பார்ப்பவர் கண்ணை அடிக்காமல் அமைதியாய் இருப்பது வியப்பே.

அவ்வமைதிக்குக் காரணங்கள் உண்டு. அவை பார்த்துக் கற்கத்தக்கவை.

ஒன்று, தரையின் ஒருமை. கோலங்கள் எத்தனை வந்தாலும் சாயவேரின் சிவப்பு எல்லாவற்றின் அடியிலும் ஓடுகிறது. கலம்பகத்தில் அந்தாதி செய்யும் தொழிலை இங்குச் சிவப்பு செய்கிறது.

இரண்டு, அளவின் வேறுபாடு. உடலில் சிறியது, கரையில் அதனினும் வேறானது, முந்தானையில் பெரியது எனக் கோலங்கள் அளவால் மாறுகின்றன. ஒரே அளவுள்ள இரண்டு வலிய கோலங்கள் அருகருகே நின்றால் ஒன்றையொன்று நெருக்கும்; அளவு மாறினால் ஒன்று மற்றொன்றுக்கு இடம் விடும்.

மூன்று, கைகளின் பணிவு. நெய்தவர் பொன்னைத் துணி முழுவதும் நிரப்பவில்லை. எழுதுவோர்க்கு இடம் விட்டார். எழுதியவர் தம் கோட்டைப் பொன்மேல் ஓட்டவில்லை. நெய்தவரின் உருவத்தைச் சுற்றியே சென்றார். முதல்வரின் வேலையை அடுத்தவர் படித்து, புரிந்து, அதன் ஈற்றிலிருந்து தம் வேலையைத் தொடங்கினார். துணியில் எழுதிய அந்தாதி என்றே இதனைச் சொல்லலாம்.

முகம் வெறுமையாய் இருத்தல்

கருப்பூர்ச் சேலை மட்டுமன்றித் தஞ்சையின் ஏனைய கலைகளும் இந்நெறியைப் போற்றின. தஞ்சை ஓவியத்தை எடுத்துக்கொள்ளலாம். பலாப்பலகையின்மேல் துணி ஒட்டி, சுக்கான் மாவைக் குழைத்து அணிகலன்களையும் தூண்களையும் திரைகளையும் புடைப்பாக எழுப்பி, கண்ணாடிக் கற்களைப் பதித்து, பொன்தகட்டை அதன்மேல் படியவைப்பர். பலகை, துணி, மாவு, கல், பொன், வண்ணம் என ஆறு பரப்புகள் ஓரிடத்தில் கூடுகின்றன. ஆனால் கண்ணனின் முகத்திலும் உடலிலும் புடைப்பு இல்லை, கல் இல்லை, பொன்னும் இல்லை. சமதளமான வண்ணமும் இரண்டு விழிகளுமே. சுற்றிலும் எத்தனை ஆரவாரம் இருந்தாலும் கண் சென்று தங்குவது அந்த வெறுமையில்தான். அவ்வெறுமை இல்லையெனில் ஆரவாரம் முழுதும் பொருளற்றுப் போகும்.

தேர்ச்சீலையும் இதற்குச் சான்று. அலங்கரித்து நிற்கும்போது 96 அடி உயரமுடையது எனப்படும் திருவாரூர் ஆழித்தேரின் எழிலில் பாதிக்குமேல் துணியால் ஆனது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், கறுப்பு, பச்சைத் துணிகளைப் பூவாகவும் யாளியாகவும் கிளியாகவும் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்த சீலைகள் அதனைச் சூழ்ந்திருக்கும். உருளை வடிவத் தொம்பைகள் பந்தலிலும் தேரிலும் தொங்கி அசையும். தொம்பை என்பது நெல் சேமிக்கும் குதிருக்கும் பெயர். நெல் நிறைந்த தொம்பையை வீட்டில் கண்ட மக்கள், அதே வடிவைத் துணியில் தேரிலும் கண்டனர். அத்தனை நிறமும் கூச்சலாக மாறாமைக்குக் காரணம், வெட்டுத்துணி ஒவ்வொன்றின் விளிம்பிலும் தைக்கப்படும் கரையே. உருவத்துக்கும் உருவத்துக்கும் நடுவே அந்தக் கரை மூச்சுவிட இடம் தருகிறது.

இல்லங்களின் வாசலிலும் இதனைக் காணலாம். மார்கழியில் வளைந்து வளைந்து ஓடும் சிக்குக்கோலத்தைப் போட்டு முடித்த பெண் அதைச் சுற்றிச் செம்மண் பட்டை இழுக்கிறார். அப்பட்டை இல்லாத கோலம் முற்றுப்பெற்றதாக அவருக்குத் தோன்றுவதில்லை.

ஆகவே, புதிய பாணியில் தம் இல்லத்தை அமைக்க விரும்பும் ஓர் இளம் இணையர்க்குத் தஞ்சை சொல்லும் அறிவுரை எளியது. கட்டமும் பூவும் கோடும் கலந்து வரட்டும். எல்லாவற்றிலும் ஒரு நிறம் மீண்டும் மீண்டும் தலைகாட்டட்டும். பெரிய பூவின் அருகே சிறிய புள்ளி அமரட்டும். கோரைப்பாயின் முரட்டுத்தன்மைக்குப் பக்கத்தில் பட்டின் வழவழப்பு இருக்கட்டும். ஒரு சுவராவது வெறுமையாய் நிற்கட்டும்.

ஒரே வாசலை நம்பிய கலை

இனி, கருப்பூர்ச் சேலைக்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி மறைந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசுரிமையை ஏற்க மறுத்தது. அரண்மனையின் வாசல் மூடியது. அந்த ஒரு வாசலுக்காகவே நெய்யப்பட்ட சேலைக்கு வேறு வாசல் தெரியவில்லை. பொன்சரிகையும் நாட்கணக்கான சாயவேலையும் வேண்டிய துணியை ஊரார் வாங்கும் நிலை இல்லை. இயந்திர ஆலைத்துணியும் செயற்கைச் சாயமும் சந்தையை நிரப்பின. நெய்தவரும் எழுதியவரும் பிரிந்தனர். பழைய முறையிலான சேலை வழக்கொழிந்தது. எஞ்சியவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் கருப்பூர்த் துணி உண்டு.

அதே கலையின் மற்றொரு கிளை பிழைத்தது. கருப்பூரிலும், திருப்பனந்தாள் வட்டாரத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் எழுதுவோர் கோயிலுக்காக எழுதினர். விதானம், தோரணம், குடை, தொம்பை, தேர்ச்சீலை ஆகியவற்றுக்கு ஊர்தோறும் தேவை இருந்தது. ஆண்டுதோறும் திருவிழா வந்தது. அரண்மனை ஒன்று, கோயில்கள் பல. பல வாசல்களை நம்பிய கலை மெலிந்தேனும் உயிரோடு நின்றது. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆயினும் இன்று அதனை எழுதும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. நெசவும் எழுத்தும் கலந்த பழைய சேலையைப் புதுப்பிக்கக் கைத்தறி வடிவமைப்பாளர்கள் முயன்று வருகின்றனர். மற்றொரு புறம், அதன் கோலத்தை மட்டும் இயந்திர அச்சில் பதித்த துணிகள் குறைந்த விலைக்கு வருகின்றன. அவற்றில் கோலம் உண்டு, பரப்பு இல்லை. கண்ணுக்குக் கருப்பூர், விரலுக்கு வெறுந்துணி.

மற்றொரு குறையும் உண்டு. அச்சேலையை உடுத்திய அரச குடும்பத்தின் பெயர் நூல்களில் நிற்கிறது. தறியில் பொன் கோத்தவரின் பெயரோ, மெழுகிட்டவரின் பெயரோ துணியில் இல்லை. பாட்டியல் வேளாளர்க்கு முப்பது செய்யுளாவது ஒதுக்கியது. நெசவாளர்க்கு ஒரு கையெழுத்தும் ஒதுக்கப்படவில்லை. இன்று ‘கலம்காரி வேலைப்பாடு’ என்று பெருமையுடன் அணிபவர் பலர். எந்த ஊர், யார் கை என்று கேட்போர் சிலரே. அக்கேள்வியைக் கேட்காதவரை, கலப்பு அழகாயிருக்கலாம், நேர்மையாயிராது.

கவிஞர்க்கு ஒரு விண்ணப்பம்

தமிழில் நூல் என்ற சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூல் செய்வதைப் பஞ்சிலிருந்து இழை நூற்பதோடு ஒப்பிட்டு, சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்தார். ஆதலின் நெசவாளரின் கதை கவிஞர்க்கு அயலாருடைய கதையாகாது.

இன்றைய கவிதையும் ஒரு கலம்பகமே. வட்டாரப் பேச்சும் செவ்வியல் சொல்லும், செய்தித்தாள் வரியும் தாலாட்டும், தொலைக்காட்சி விளம்பரமும் தொன்மமும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. அது குறையாகாது, காலத்தின் இயல்பு. ஆனால் கலப்பதற்கு முன் கவிஞர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்களைக் கருப்பூர்ச் சேலை வைத்திருக்கிறது. இத்தனை சொற்களின் அடியில் ஓடும் சிவப்பு எது? உரத்த சொல்லின் அருகே மெல்லிய சொல் அமர்ந்திருக்கிறதா? கவிதையின் முகம் எங்கே வெறுமையாய் நிற்கிறது? எடுத்தாண்ட வட்டாரச் சொல் யாருடைய வாயிலிருந்து வந்தது, அவர்க்கு அதில் பங்கு உண்டா?

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்திற்கும் கருப்பூரின் கதை ஒன்றைச் சொல்கிறது. மரபுக்கவிஞரும் புதுக்கவிஞரும், ஆசிரியரும் உழவரும், வங்கி ஊழியரும் இல்லத்தரசியரும் ஒரே கூடத்தில் அமர்ந்து, ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் தொடங்கியதால் இப்பத்தாண்டு கூடிற்று. ஒரு புரவலரை, ஓர் இதழை, ஒரு தலைவரை மட்டும் நம்பிய அமைப்பு, அந்த வாசல் மூடும் நாளில் தானும் மூடும். கோயில்தோறும் தொம்பை தொங்கியதுபோல் ஊர்தோறும் வாசகரைத் தேடிய கலையே நீடிக்கும்.

மாலையில் வீடு திரும்பும் வழியில் பூக்கடையைக் கடக்கும்போது, கதம்பத்தைத் தொடுக்கும் கையைச் சற்றே நின்று பாருங்கள். அடுத்து வைக்கவேண்டியது மல்லிகையா மரிக்கொழுந்தா என்பதை அக்கை முன்வைத்த பூவைப் பார்த்தே முடிவு செய்கிறது. முடிந்தால் தொடுப்பவரின் பெயரையும் கேட்டுவிட்டு வாருங்கள்.